எந்தக் கிழமை பசிக்காது?

வலியசாலை
17 ஜூலை 2024

அன்புள்ள சிவகாமிக்கு,

"இவங்களுக்கு எந்தக் கிழமை பசிக்காது, சாரே?"

உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று வேதமாணிக்கம் வைத்தியர் என்னிடம் கேட்ட கேள்வி இது. வித்துராவிலிருந்து தம்பானூர் வரை பஸ்ஸில் அந்தக் கேள்வியும் டிக்கெட் எடுக்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் சாலைப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். தண்ணீர் செவ்வாய்க்கிழமை மட்டும் சுணங்கிக் கொதிக்குமா? காந்தம் வெள்ளிக்கிழமை இரும்பை விட்டுவிடுமா? பசிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது கிழமை? "அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. திங்கட்கிழமை சிவனுக்கு விரதம் இருப்பாள். அது பக்தி" என்று சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. "சார் வெளியில போயி ஒரு சுக்குக் காப்பி குடிச்சிட்டு வாங்க" என்று என்னை அனுப்பிவிட்டு, அதே கேள்வியை உன்னிடம் கேட்டார்.

நான் திரும்பி வந்தபோது நீ சிரித்துக்கொண்டிருந்தாய். விரலை மடக்க முடியாததால் முழங்கையால் வாயை மறைத்துக்கொண்டு. உன் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் உன்னைச் சிரிக்கவைக்க நான் என்னவெல்லாமோ பேசியிருக்கிறேன். நீ சிரித்ததில்லை. அவரிடம் என்ன சொன்னாய் சிவகாமி?

இங்கே நானும் தண்ணீர் மோட்டாரும் ஒருவாறு ஓடிக்கொண்டிருக்கிறோம். சுப்ரியா கழக்கூட்டத்திலிருந்து தினமும் கூப்பிட்டு, "அம்மைய ஒண்ணு போன்ல விளிக்க முடியாதோ அப்பா?" என்று கேட்கிறாள். வைத்தியசாலை வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிட்டார்கள், இனி கடிதம்தான், அதுவும் அனில் ஜீப்பில்தான் என்று நம் மகளுக்குப் புரியவைப்பது பெரும்பாடாக இருக்கிறது. புதனும் சனியும் அனில் வித்துராவிலிருந்து பச்சை மருந்து ஏற்றிக்கொண்டு சாலைக்கடைக்கு வருவான். போகும்போது என் கடிதம், வரும்போது உன் கடிதம்.

ஒன்றே ஒன்றை மறக்காதே. ஆஸ்பத்திரி டாக்டரம்மா எழுதித்தந்த ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை நிறுத்தக் கூடாது. வைத்தியம் வேண்டுமானால் பார், மாத்திரையும் நடக்கட்டும். அந்த நிபந்தனையில்தான் உன்னை அங்கே விட்டேன். ஒரு ஞாயிறும் விடாமல் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் கையால் மாத்திரையும் தம்ளரும் தந்திருக்கிறேன். இனி யார் தருவார்கள் என்று நினைத்தால் மனசு ஒரு மாதிரி இருக்கிறது. அட்டையை மஞ்சள் பையில் துண்டுக்குள் சுற்றி வைத்திருக்கிறேன்.

மழையில் வராந்தாவில் உட்காராதே.

உன் அத்தான்
கோமதிநாயகம்


வித்துரா
24 ஜூலை

அத்தானுக்கு,

பென்சிலில் துணி சுற்றிப் பிடித்து எழுதுகிறேன். கோழி கிண்டியது மாதிரி இருக்கும். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? மாவை வெளியில் வைத்தால் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

காலையில் எண்ணெய். முத்தாரம்மாள் என்று ஒருவர் தேய்த்துவிடுகிறார். கை மரக்கட்டை, பேச்சு அதைவிட மரக்கட்டை. நல்ல மனுஷி. மத்தியானம் கஞ்சி, பயறு. வைத்தியர் தினமும் வந்து கேட்பார். ராத்திரி எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தேன் என்று கேட்டார். காலையில் எந்த விரல் முதலில் மடங்குகிறது என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. மறுநாள் கவனித்துச் சொன்னேன். மோதிரவிரல்.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

சிவகாமி


வலியசாலை
31 ஜூலை

அன்புள்ள சிவகாமிக்கு,

உன் உடம்பு தேறி வருகிறது என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாம்பாரில் உப்பைத் தவிர எல்லாம் சரியாக இருக்கிறது.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பழக்கதோஷம், கையில் சிவப்புப் பேனா இருந்தது. "கேட்டார்" என்று வரும் இடத்திலெல்லாம் கோடு போட்டேன். அத்தனை சிறிய கடிதத்தில் எத்தனை கோடு! நான் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் வெப்பமானியைக் கையில் கொடுத்தால் பையன்கள் அதன் நுனியை விரலால் பிடித்துக்கொள்வார்கள். பிறகு, "சார், ரூம்ல சூடு ஜாஸ்தி" என்பார்கள். அறையில் சூடு இல்லையடா, உன் விரலில்தான் சூடு என்பேன். அதுபோல ஒருவர் நாள் முழுக்க உன் விரலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தால் எந்த விரலும் கொஞ்சம் மடங்கத்தான் செய்யும். அது வைத்தியம் ஆகாது.

மோதிரவிரல் என்று எழுதியிருந்தாய். அந்த விரலில் இருந்த மோதிரத்தை சோப்பு போட்டுக் கழற்றியவன் நான். அதையும் வைத்தியரிடம் சொன்னாயா?

அனிலிடம் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டிருக்கிறேன். போன தையில் நீ போட்டது. புளிப்பு ஆகாது என்று அவர்கள் சொல்லலாம். ஒரு துண்டு ஒன்றும் செய்யாது. கஞ்சியோடு தொட்டுக்கொள். வீட்டு ஞாபகம் வரட்டும்.

ஞாயிறு மாத்திரை சாப்பிட்டாயா? இதற்காவது பதில் எழுது.

உன் அத்தான்


வித்துரா
10 ஆகஸ்ட்

அத்தானுக்கு,

நலமாக இருக்கிறேன். சாம்பாருக்கு உப்பை இறக்கிய பிறகு போடாதீர்கள், பருப்பு கொதிக்கும்போதே போடுங்கள்.

ஊறுகாய் பாட்டிலைப் பார்த்ததும் முத்தாரம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். "பத்தியக்காரிக்கு நார்த்தங்காயா? இத அனுப்பினது ஒம்ம வீட்டுக்காரரா, இல்ல சக்களத்தியா?" என்றார். பக்கத்து அறைக்காரர்கள் வரை சிரிப்பு. வைத்தியர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "கொள்ளாமே, நல்ல வாசனை! இது என் பத்தியத்துக்கு ஒண்ணும் செய்யாது" என்று தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். சுத்தமாகக் காலியாகிவிட்டதாம். பாட்டிலைக் கழுவித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்போது தம்ளரை ஒரு கையால் தூக்குகிறேன். காலையில் கட்டிலை விட்டு இறங்க முன்போல நேரம் ஆவதில்லை. வலி போய்விடவில்லை. ஆனால் தூங்குகிறேன்.

அடுத்த வாரம் எண்ணெயும் மூலிகைக் கிழி ஒத்தடமும் முடிகிறது. அதன் பிறகு ஓணம் வரை நல்லிருப்பு. வைத்தியம் செய்த அளவு காலம் சும்மா இருக்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் பெயர். வெயில் கூடாது, பகல் தூக்கம் கூடாது, அதிகப் பேச்சு கூடாது.

உங்கள் வேட்டியெல்லாம் யார் துவைக்கிறார்கள்?

சிவகாமி


வலியசாலை
14 ஆகஸ்ட்

சிவகாமிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் நீ நலமாக இரு.

வெள்ளிக்கிழமைகளில் உனக்குப் பதிலாக நான்தான் விளக்கேற்றுகிறேன். போன வெள்ளி கற்பூரம் தீர்ந்துவிட்டது. பூஜை அலமாரியில் பின்னால் பழைய கற்பூர டப்பா ஒன்று இருந்ததை எடுத்துத் திறந்தேன். உள்ளே கற்பூரம் இல்லை. மஞ்சள் மாத்திரைகள். ஞாயிற்றுக்கிழமை மாத்திரைகள்!

என் கையால் தந்து, என் கண் முன்னால் நீ தண்ணீர் குடித்து, "சரி" என்று தலையாட்டிய மாத்திரைகள். தையிலிருந்து கைவலி ஏன் கூடியது என்று டாக்டரம்மா தலையைச் சொறிந்தாரே, அதற்கு விடை கற்பூர டப்பாவில் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தியவள், இப்போது மாத்திரையே வேண்டாம் என்று சொல்லும் ஓர் ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறாய். அதனால்தான் இரண்டு கடிதத்திலும் மாத்திரையைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்று நான் சுக்குக் காப்பி குடிக்கப் போனபோது அவரிடம் சொன்னது இதைத்தானா? அந்த மனுஷனை எப்படி ஏமாற்றினேன் தெரியுமா என்று சொல்லித்தான் சிரித்தாயா?

மூட்டு ஒருமுறை கோணிவிட்டால் திரும்பாது என்று டாக்டரம்மா சொன்னது உனக்கும் காதில் விழுந்தது. சனிக்கிழமை அனில் ஜீப்பிலேயே கிளம்பி வா.

கோமதிநாயகம்


வித்துரா
21 ஆகஸ்ட்

மரியாதைக்குரிய கோமதிநாயகம் சார் அவர்களுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். சாருடைய சுகத்துக்கும் ஜெபிக்கிறேன்.

தாங்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதம் அனில் மூலம் கிடைத்தது. அம்மா நல்லிருப்பில் இருக்கிறார்கள். இந்தக் காலத்தில் வெயில், காற்று மட்டும் விலக்கு இல்லை. கோபமும் துக்கமும் விலக்கு. ஆகவே கடிதத்தை நான் அவர்களிடம் கொடுக்கவில்லை. உறை பிரிக்கப்படவில்லை. என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. ஓணத்துக்குக் கொடுப்பேன்.

நார்த்தங்காய் மிக நன்றாக இருந்தது. வீட்டில் பக்குவம் கேட்கிறார்கள்.

தங்கள் பணிவுள்ள
வேதமாணிக்கம்


வலியசாலை
24 ஆகஸ்ட்

வைத்தியர் வேதமாணிக்கம் அவர்களுக்கு,

நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள். தங்களுக்கு என்ன குறை!

சிவகாமி என் அத்தை மகள். கல்யாணம் பேசும் முன்பிருந்தே அவளுக்குக் கடிதம் எழுதிவருகிறவன் நான். அவள் அப்பாகூட என் கடிதத்தை இழுப்பறையில் வைத்ததில்லை. நான் எழுதியதை என் வீட்டுக்காரி எப்போது படிக்க வேண்டும் என்று தாங்கள் முடிவு செய்கிறீர்கள். எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறாள் என்பது தங்களுக்குத் தெரிகிறது. எந்த விரல் முதலில் மடங்கும் என்பது தெரிகிறது. நான் யார் என்று தாங்களே சொல்லிவிடுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

அது போகட்டும். கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். சிவகாமி இங்கே பல மாதமாக மாத்திரையை விழுங்காமல் ஒளித்து வைத்திருக்கிறாள். அங்கே சாப்பிடுகிறாளா, இல்லையா? அதை நிறுத்தச் சொன்னது தாங்களா?

நார்த்தங்காய்ப் பக்குவம் சிவகாமிக்குத்தான் தெரியும். அதையும் தாங்களே கேட்டுக்கொள்ளலாம்.

கோமதிநாயகம்


வித்துரா
28 ஆகஸ்ட்

மரியாதைக்குரிய சார் அவர்களுக்கு,

சுகம். சாருக்குக் கோபம் இருப்பது நியாயம். ரத்தக் கொதிப்பு இருந்தால் ஊறுகாயைக் குறைக்கவும்.

வந்த அன்றே அம்மா, மாத்திரையை அடியோடு விடத்தான் வந்தேன் என்று சொன்னார்கள். அதை விடுவதானால் பையை எடுத்துக்கொண்டு சாருடன் அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நான் சொன்னேன். என் அப்பா காலத்தில் அந்த மாத்திரை கிடையாது. அந்தக் காலத்து வாதக்காரர்களின் கைகளை நான் பார்த்து வளர்ந்தவன். மரச்சீனிக் கிழங்கு மாதிரி கோணிக் கிடக்கும். என் எண்ணெய் வலியைக் குறைக்கும், தூக்கம் தரும். மூட்டு கோணாமல் காக்க அது மட்டும் போதாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஞாயிறுதோறும் சாப்பிடுகிறார்கள். இடையில் ரத்தம் எடுத்து லேபில் பார்த்தாயிற்று, கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஏன் ஒளித்து வைத்தார்கள் என்பதை அவர்களே சொல்வார்கள். நான் சொல்வது முறை அல்ல.

வேதமாணிக்கம்


வலியசாலை
4 செப்டம்பர்

அன்புள்ள சிவகாமிக்கு,

இதை நீ ஓணத்துக்குத்தான் படிப்பாய் என்று தெரியும். அதுவரை நலமாக இருந்திருப்பாய்.

நீ மாத்திரை சாப்பிடுகிறாய் என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அவர் உன்னைக் கெடுக்கிறார் என்று நினைத்திருந்தவரை எனக்கு ஒரு வேலை இருந்தது. நான் சரி, அவர் தப்பு. இப்போது அவரும் நான் சொன்னதையேதான் சொல்கிறார். ஒரே கணக்கை நான் கரும்பலகையில் போட்டபோது தலையைக் குனிந்துகொண்ட பையன், பக்கத்து வகுப்பு வாத்தியார் போட்டதும் கைதட்டினால் எப்படி இருக்கும்?

என் கையால் தந்ததைத் துப்பினாய். அவர் கையால் தருவதை விழுங்குகிறாய்.

இதையெல்லாம் சுப்ரியாவிடம் சொன்னேன். அவள் போனிலேயே சிரித்துவிட்டு, "அப்பாக்கு அசூயை, அத்தறேயுள்ளு" என்றாள். வேறொன்றுமில்லையாம், வெறும் பொறாமையாம். உன் மகளுக்கு வாய் நீளம். ஆனால் தப்பாகச் சொல்லவில்லை.

ஓணக்கோடியாகப் புடவை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். பச்சை நிறம். உனக்குப் பச்சை பிடிக்குமா என்று கடையில் நிற்கும்போது திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. பிடிக்கும்தானே?

உன் அத்தான்


வித்துரா
14 செப்டம்பர்

அன்புள்ள அத்தானுக்கு,

பார்த்தீர்களா, பேனாவால் எழுதுகிறேன். துணி சுற்றவில்லை. இன்று உத்ராடம், நாளை ஓணம். நல்லிருப்பு முடிந்தது. வாசலில் பூக்களம் போட்டிருக்கிறார்கள், நானும் உட்கார்ந்து வாடாமல்லி கிள்ளிக் கொடுத்தேன். உங்கள் இரண்டு கடிதங்களையும் வரிசையாகப் படித்தேன். பச்சை பிடிக்கும்.

முதலில், கடிதத்தைத் தடுத்தது வைத்தியர் இல்லை. நான்தான். உறையில் என் பெயரை நீங்கள் அழுத்தி எழுதியிருந்தீர்கள். கோபம் வந்தால் உங்கள் பேனா தாளின் மறுபக்கம் தெரியும். கடுதாசியைக் கையில் வாங்காமலே, "ஓணத்துக்குத் தாருங்கள்" என்று சொன்னேன். பழியை அவர் ஏற்றுக்கொண்டார்.

இனி உங்கள் கேள்வி. அன்று எதற்குச் சிரித்தேன்? எந்தக் கிழமை பசிக்காது என்று கேட்டார். "திங்கட்கிழமை" என்றேன். "இதத்தானே சாரும் சொன்னாரு!" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான். சரியான விடையைச் சொல்லிவிட்டுத்தான் நீங்கள் சுக்குக் காப்பிக்குப் போனீர்கள் அத்தான். அது விடை என்று உங்களுக்குத் தெரியவில்லை.

எனக்கு ஒரு விரதமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை சாப்பிட்டால் திங்கட்கிழமை முழுக்கக் குமட்டும். தாளிக்கிற வாசனை வந்தால் குடலே வெளியில் வருகிற மாதிரி இருக்கும். முதல் மாசமே உங்களிடம் சொன்னேன். நீங்கள் ரயில் எஞ்சின் உதாரணம் சொன்னீர்கள். புகை விடாமல் வண்டி இழுக்குமா என்று கேட்டீர்கள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறவரை சொன்னீர்கள். அடுத்த திங்கட்கிழமை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டபோது, விரதம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஒரே சந்தோஷம். தெரு முழுக்கச் சொன்னீர்கள். அன்றிலிருந்து திங்கள்தோறும் காலையில் சாலைக்கடைக்கு நடந்துபோய் எனக்காக வில்வம் வாங்கி வந்தீர்கள். ஒரு வாரம் மழையில் நனைந்து இருமிக்கொண்டு வந்தீர்கள். அதன் பிறகு நான் எந்த வாயால் சொல்வேன்?

தை மாசத்துக்குப் பிறகு முடியவில்லை. நீங்கள் தம்ளரோடு எதிரில் நிற்பீர்கள். நான் விழுங்கும்வரை நகர மாட்டீர்கள். நாக்கைத் தூக்கிக் காட்டு என்று மட்டும்தான் சொல்லவில்லை. நாக்கின் கீழேதான் இருந்தது.

வைத்தியர் கையால் தருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கையால் தருவதில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். திரும்பிவந்து கேட்கவும் மாட்டார். முதல் ஞாயிறு அந்த மஞ்சள் பொட்டு மாத்திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சாப்பிடாவிட்டால் யாருக்கும் கோபம் வராது, யாரும் ஏமாற மாட்டார்கள், என் கைதான் கோணும் என்று தோன்றியது. எடுத்துச் சாப்பிட்டேன். மறுநாள் குமட்டத்தான் செய்தது. முத்தாரம்மாள் வாளியைப் பக்கத்தில் வைத்து, "திங்களாச்ச வந்தாச்சு, எடுத்துக்கோ" என்றார். பிறகு நெற்பொரிக் கஞ்சி கொடுத்தார். யாரும் உதாரணம் சொல்லவில்லை.

நீங்கள் பொறாமைப்படுவதானால் முழுசாகத் தெரிந்துகொண்டு படுங்கள். அவர் எல்லோரிடமும் இதே கேள்விதான் கேட்கிறார். கால் ஒடிந்த ஆட்டைத் தூக்கி வந்தவரிடமும் கேட்டார். என் பதிலை மறுநாளே மறந்துவிட்டு மறுபடி கேட்டார். என்னை இன்னும் சிவகாமசுந்தரி என்றுதான் கூப்பிடுகிறார். அவர் அப்பா பெருமையை ஆரம்பித்தால் கஞ்சி ஆறிவிடும்.

ஒரு காரியம் செய்யுங்கள். டாக்டரம்மாவிடம் போய் என் திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்லுங்கள். கற்பூர டப்பாவையும் சொல்லிவிடுங்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, உங்களுக்குத்தான் விளக்கிச் சொல்ல வரும். அதற்கு ஒரு வழி இருந்தால், நான் வீட்டுக்கு வருகிறேன். எனக்கும் வர ஆசைதான்.

மகளுக்கு என் அன்பு. அவள் வாய் நீளம் யாரிடமிருந்து வந்தது?

சிவகாமி


வலியசாலை
18 செப்டம்பர்

அன்புள்ள சிவகாமிக்கு,

உன் கடிதத்தில் இந்த முறை கோடு போடவில்லை.

டாக்டரம்மாவைப் பார்த்தேன். முதலில் ஒரு உதாரணத்தோடு ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, "சாரே, காரியம் பறயூ" என்றார். காரியத்தைச் சொன்னேன். ஞாயிறு மாத்திரை, திங்கள் குமட்டல், தையிலிருந்து கற்பூர டப்பா. அவர் கோபப்படவில்லை. நிறையப் பேருக்கு அப்படி வரும், முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை கஷ்டம் வேண்டாமே என்றார். கூடவே சாப்பிட இன்னொரு மாத்திரை உண்டாம். வேளையை மாற்றிப் பார்க்கலாமாம். அதுவும் சரிப்படாவிட்டால் அதே மருந்து ஊசியாக வருமாம். உன்னை நேரில் பார்த்துவிட்டு எழுதித்தருவார். வைத்தியருடைய எண்ணெய்க்கு அவர் தடை சொல்லவில்லை. உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து எதுவானாலும் தன்னிடம் காட்டிவிட்டுச் சாப்பிடச் சொன்னார்.

வில்வக் கடைக்காரர், "சாரே, திங்களாச்ச கண்டில்லல்லோ?" என்று விசாரித்தார். விரதம் முடிந்தது என்று சொன்னேன்.

சனிக்கிழமை உன்னை அழைக்க வருகிறேன். வைத்தியரிடம் நானும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். என்ன கேள்வி என்று இப்போது சொல்ல மாட்டேன். உனக்கு மட்டும்தான் ரகசியம் வைக்கத் தெரியுமா?

உன் அத்தான்


வலியசாலை
6 நவம்பர்

அன்புள்ள திரவியம்,

நாகர்கோவிலில் மழை எப்படி? உன் முழங்கால் எப்படி? பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திய காலத்திலேயே அது கடகடவென்று சத்தம் போடும்.

உன் வீட்டம்மா கலைச்செல்விக்கும் விரல் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய். வருத்தமாக இருந்தது. இங்கிலீஷ் மருந்தா, வித்துரா வைத்தியரா, சிவகாமிக்கு எது கேட்டது, ஒரே வரியில் பதில் எழுது என்று கேட்டிருக்கிறாய்.

சிவகாமிக்கு நோய் போய்விடவில்லை. இட்லிக் கொப்பரையை இன்னும் நான்தான் இறக்குகிறேன். ஆனால் ஜாக்கெட் கொக்கியைத் தானே மாட்டிக்கொள்கிறாள். பேனா பிடிக்கிறாள். டாக்டரம்மாவின் மாத்திரையும் உண்டு, வேளை மாறிவிட்டது, திங்கட்கிழமை தோசை கேட்கிறாள். வரும் ஆடியில் எண்ணெய்க்கு வித்துரா போவதாகவும் இப்போதே சொல்லிவிட்டாள். கலைச்செல்வியை முதலில் வாதநோய் பார்க்கும் டாக்டரிடம் காட்டு. அதைத் தள்ளிப்போடாதே. எண்ணெய் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு நான் மாடிக்குப் போய்விடுகிறேன். சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. அந்த நேரம் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். மல்லிகைத் தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிகிறது.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பாய். அவளை அழைத்துவரப் போன அன்று வேதமாணிக்கத்திடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். "வைத்தியரே, உங்கள் வீட்டம்மாவுக்கு எந்தக் கிழமை பசிக்காது?" மனுஷன் தாடையைத் தடவினார். கூரையைப் பார்த்தார். "அதிப்போ... அவளத்தான் கேக்கணும்" என்றார். உள்ளேயிருந்து பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. "ஊரெல்லாம் கேட்டாச்சு, ஆட்டையும் மாட்டையும் கேட்டாச்சு! என்னய இதுவரை ஒரு நாளு கேட்டதுண்டா?" என்று ஒரு குரல். வித்துராவிலிருந்து தம்பானூர் வரை நான் சிரித்துக்கொண்டே வந்தேன். சிவகாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ரொம்பச் சந்தோஷமோ?" என்றாள். ரொம்பச் சந்தோஷம்.

ஆகையால் எந்த வைத்தியம் என்பதற்கு ஒரு வரி பதில் என்னிடம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை தருகிறேன், நாளை மத்தியானம் செய்து பார். சாப்பிட உட்காரும்போது கலைச்செல்வியிடம், "உனக்கு எந்தக் கிழமை பசிக்காது?" என்று கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை உதாரணம் எதுவும் சொல்லாதே.

உன்
கோமதிநாயகம்